பழைய மியாட்டாவுக்குள் ஹோண்டா இன்ஜின்: கலிஃபோர்னியா ஓகே சொல்வது எப்படி?

யூடியூபில் கார் சேனல்களைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. 1990களின் குட்டி மஸ்டா மியாட்டா நிற்கும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஹோண்டா இன்ஜின். சில வீடியோக்களில் அமெரிக்க வி8 இன்ஜினே உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்வார்கள், டயர் புகையும், வீடியோ முடிந்துவிடும். அந்த கார் மறுநாள் சாலையில் ஓட அனுமதி உண்டா என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் பேசுபொருளாக்கியது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வந்த ஒரு மசோதா. ‘லெனோ சட்டம்’ என்று அழைக்கப்படும் எஸ்.பி. 712. பழைய கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு கேட்ட இந்த மசோதா, 2025 ஆகஸ்ட் இறுதியில் சட்டப்பேரவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவைத் தாண்டாமலேயே நின்றுபோனது. டி.வி. தொகுப்பாளரும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோ இதற்காக நேரில் போய்ப் பேசியிருந்தார். 35 ஆண்டுகள் நிறைந்து, சேகரிப்பு வாகனமாக இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்ட கார்களுக்குச் சோதனையே வேண்டாம் என்பதுதான் முதலில் வைத்த கோரிக்கை. இப்போது அங்கே 1975 வரையிலான மாடல்களுக்கு மட்டுமே முழு விலக்கு. 1990 மாடலாக விற்பனைக்கு வந்த முதல் மியாட்டாவுக்கு 2025-ல் சரியாக 35 வயது. அந்தக் கோரிக்கை அப்படியே நிறைவேறியிருந்தால், அதுவும் தப்பித்திருக்கும்.

ஏன் மியாட்டா, ஏன் ஹோண்டா?

1989 சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான கார் இது. 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், அமெரிக்க மாடலில் 116 எச்.பி. எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. பின் சக்கரங்களுக்கு விசை போகும். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. வளைவில் திருப்பும்போதுதான் இதன் அருமை தெரியும். நேர் சாலையில் இன்றைய குடும்ப எஸ்.யு.வி.கூட ஓவர்டேக் செய்துவிட்டுப் போய்விடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இத்தனை பாடும்.

வி8 போட்டால் சக்தி தாராளம். ஆனால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் பலப்படுத்த வேண்டும். ஹோண்டாவின் கே24 இடைப்பட்ட வழி. அக்கார்டு, சிஆர்-வி போன்ற சாதாரண கார்களில் வந்த 2.4 லிட்டர் இன்ஜின். அக்யூரா டிஎஸ்எக்ஸ் காரில் வந்த வகை, ஃபேக்டரியிலிருந்தே சுமார் 200 எச்.பி. தரும். மியாட்டாவின் சொந்த இன்ஜினுக்கு பிளாக் வார்ப்பிரும்பு, கே24-க்கு அலுமினியம். அதனால் இன்ஜின் பெரிதானாலும் காரின் மூக்கு கனத்துப் போவதில்லை.

இன்னொரு விஷயம் வீடியோக்களில் அதிகம் வராது. ஹோண்டாவின் பழைய பி வரிசை இன்ஜின்கள் மற்ற கம்பெனி இன்ஜின்களுக்கு எதிர்த் திசையில் சுழல்பவை. அவற்றை வேறு காரின் கியர்பாக்ஸோடு நேரடியாகச் சேர்த்தால் கார் ரிவர்ஸில்தான் வேகம் காட்டும்! கே வரிசையில் ஹோண்டா ஊரோடு ஒத்துப்போகிறது. அதனால்தான் இதை மஸ்டா கியர்பாக்ஸோடு இணைக்க முடிகிறது.

‘தூக்கி வைத்து போல்ட் போட்டால் முடிந்தது’ என்று நினைக்க வேண்டாம். முன்சக்கர கார்களுக்காகக் குறுக்குவாட்டில் உட்காரும்படி செய்த இன்ஜின், இங்கே நீளவாட்டில் திரும்ப வேண்டும். ஆயில் சம்ப் கீழே உள்ள சப்ஃப்ரேமில் இடிக்கும். வேறு வடிவத்தில் வேண்டும். இன்ஜின் மவுன்ட், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் தகடு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, வயரிங், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாமே புதிது. 1.6 மாடலின் சின்ன டிஃபரன்ஷியல் கூடுதல் சக்தியைத் தாங்காது. பழைய இரும்புக் கடையில் இன்ஜின் கிடைத்துவிடும். அதைச் சுற்றி வாங்கும் சாமான்களுக்குத்தான் காசு கரையும்.

இதெல்லாம் இந்தத் தலைமுறை கண்டுபிடித்ததும் இல்லை. பிரிட்டனின் ஏசி ஏஸ் காருக்குள் ஃபோர்டு வி8-ஐ வைத்து 1962-ல் கோப்ரா ஆக்கினார் கரோல் ஷெல்பி. 1964-ல் வந்த சன்பீம் டைகரும் அதே ரகம். பிறகு அந்த கம்பெனியை கிரைஸ்லர் வாங்கியது. போட்டி நிறுவனமான ஃபோர்டின் இன்ஜினை விற்கும் தர்மசங்கடம். சொந்த வி8-ஐ வைக்கலாம் என்றால், அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்ததால் இடம் போதவில்லை. 1967-ல் டைகரின் கதை முடிந்தது.

புகைச் சோதனை என்ன கேட்கிறது?

வாகனப் புகையில் அமெரிக்காவிலேயே கறாரான மாநிலம் கலிஃபோர்னியா. அப்படியிருந்தும் இன்ஜின் மாற்ற அங்கே தடை இல்லை. புதிதாக வைக்கும் இன்ஜின் காரின் மாடல் ஆண்டுக்கு இணையானதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். மாசு விதி தளர்வாக இருந்த கனரக வாகனங்களின் இன்ஜினைக் கொண்டுவரக் கூடாது. மிக முக்கியம், அந்த இன்ஜின் தன் சொந்த காரில் எந்தெந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வந்ததோ, அத்தனையும் கூடவே வர வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர், எல்லாம். 1996-க்குப் பிந்தைய இன்ஜின் என்றால் கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் ஓபிடி-2 வசதியும் வேலை செய்ய வேண்டும். ‘ரெஃப்ரி’ எனப்படும் அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் பரிசோதித்து, சரியாக இருந்தால் காரில் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். அடுத்தடுத்த சோதனைகளுக்கு அதுதான் ஆதாரம்.

வீடியோவில் பார்க்கும் பல கார்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரேஸ் எக்ஸாஸ்ட், வெளியில் வாங்கிய கம்ப்யூட்டர், கழற்றி எறிந்த கேனிஸ்டர். இன்ஜின் நவீனம்தான், ஆனால் அதைச் சுத்தமாக்கும் பாதிப் பொருட்கள் வேறு எங்கோ கிடக்கும்.

இந்த விதியின் தர்க்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. 2000களின் இன்ஜின் முழுக் கருவிகளோடு வந்தால், 1990 மியாட்டா பிறந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக ஓடும். ஆர்வலருக்கு வேகம், ஊருக்குக் காற்று.

லெனோ தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மாதத்தில் ஒருநாள் வெளியே வரும் காருக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்கிறார்கள். 35 வயது காருக்கு அங்கீகரிக்கப்பட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தேடி அலைவது நிஜமான சிரமம். ஆனால் விவாதத்தில் அடிபடாத ஒரு தகவல் உண்டு. சேகரிப்பு இன்ஷூரன்ஸ் எடுத்த 35 வயது கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே சலுகை இருக்கிறது. பானெட்டுக்குள் எந்தப் பொருள் இருக்கிறது, இல்லை என்ற ஆய்வு அவற்றுக்குக் கிடையாது. சைலன்சர் வழியே வரும் புகை அளவுக்குள் இருந்து, பெட்ரோல் மூடி சரியாக இருந்து, கசிவு இல்லாவிட்டால் போதும். அந்தப் புகை அளவையும் எடுத்துவிடச் சொன்னதுதான் லெனோ சட்டம். அது நின்றுபோனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

நம்ம ஊரில் முடியுமா?

மியாட்டா இந்தியாவில் விற்கப்பட்டதே இல்லை. ஆனால் பழைய ஜென்னையோ எஸ்டீமையோ வைத்துக்கொண்டு இந்த வீடியோக்களைப் பார்ப்பவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் அளவுக்கு வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என்று வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட்களுக்கு நிபந்தனையோடு அனுமதி உண்டு. பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் போட்டால் ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்ய வேண்டும். வேறு கம்பெனியின், அதிக சக்தி கொண்ட இன்ஜின் என்பது வேறு கதை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கப்படலாம்.

கவனித்தால், புதிய இன்ஜின் பழையதைவிடச் சுத்தமானதா என்று இந்தப் பிரிவு கேட்கவே இல்லை. பிஎஸ்-1 காலத்து காருக்குள் பிஎஸ்-6 இன்ஜினை, அதன் எல்லாக் கருவிகளோடும் வைத்தால்கூட, அதைப் பரிசோதித்து லேபிள் ஒட்டித் தர இங்கே ‘ரெஃப்ரி’ மையம் கிடையாது.