சும்மா கிடந்தாலும் தீரும்

ஆடியில் தாலி கட்டுவதில்லை. மும்பையில் அது அடைமழைக் காலமும்கூட. மாட்டுங்கா மண்டபங்களில் மேளச் சத்தம் ஓய்ந்ததும், தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கல்யாணப் படமெடுக்கப் போகிறவர்களின் கேமராக்கள் பைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்குப் பையைத் திறந்தால் ஃபிளாஷ் முரண்டு பிடிக்கிறது. முழுதாக சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரியைக் கேமரா 'குறைவு' என்கிறது. யாரும் தொடாமல் மின்சாரம் எங்கே போயிற்று?

உள்ளேயே செலவாகிவிட்டது. பேட்டரி, மூடி வைத்தால் அப்படியே இருக்கும் தண்ணீர்த் தொட்டி அல்ல. வினைபுரியக் காத்திருக்கும் ரசாயனங்களின் கூடு அது. கேமராவை இயக்கும்போது அந்த வினை நமக்கு மின்சாரம் தருகிறது. இயக்காதபோதும் உள்ளுக்குள் குறுக்குவழியில் சொட்டுச் சொட்டாக நடந்துகொண்டே இருக்கிறது.

வேகம் வகைக்கு வகை மாறும். ஃபிளாஷில் போடும் பழைய ரக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல்கள் ஒரே மாதத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை இழக்கும். 2005ல் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த எனலூப், ஓராண்டு கழித்தும் 85 சதவீதம் மிஞ்சும் என்ற வாக்குறுதியுடன் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. கேமராவின் லித்தியம் அயான் பேட்டரி மாதம் சில சதவீதம்தான் இழக்கும். ஆனால் அதைக் கேமராவிலேயே விட்டுவைத்தால் இழப்பு கூடும். அணைத்து வைத்த கேமராவும் முழுதாகத் தூங்குவதில்லை.

இதில் வெப்பம் பெரிய எதிரி. 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கூரைக்கு அடியில் பரணில் கிடக்கும் பேட்டரிக்கும் ஏ.சி. அறையில் இருக்கும் பேட்டரிக்கும் ஆயுள் ஒன்றல்ல.

லித்தியம் பேட்டரி தானாக இறங்குவதற்குப் பின்னே ஒரு துப்பறியும் கதையும் உண்டு. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான், மைக்கேல் மெட்ஸ்கர் குழுவினர் செல்களைச் சூட்டில் வைத்துத் திறந்து பார்த்தபோது, நிறமற்றிருக்க வேண்டிய திரவம் சிவந்திருந்தது. குற்றவாளி, உள்பாகங்களைப் பிடித்து வைக்கும் ஒட்டு நாடா என்று 2023ல் அறிவித்தார்கள். நாடா பெட் பிளாஸ்டிக்கால் ஆனது. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். தாராவியின் 13 காம்பவுண்டில் தரம் பிரிக்கிறவர்களுக்கு நன்கு பழக்கமானது. அது சிதைந்து உண்டாகும் மூலக்கூறு இரு முனைகளுக்கும் இடையே ஓயாமல் போய்வந்து சார்ஜைக் கரைக்கிறது. நாடாவை மாற்றுவதுதான் அவர்கள் சொன்ன தீர்வு.

இங்கே இரண்டு இழப்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இறங்கிய சார்ஜை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கொள்ளளவு குறைந்தால் திரும்பாது. முழு சார்ஜோடு வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவே தேய்கிறது. முற்றிலும் வற்றவிட்டாலும் ஆபத்து: பாதுகாப்புச் சுற்று கதவை அடைத்துவிடும், சார்ஜர் ஏற்க மறுக்கும். அதை வம்படியாக உயிர்ப்பிக்கப் பார்ப்பது தீயோடு விளையாட்டு.

எனவே ஓய்வுக் காலத்துக்கு முன் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி, கேமராவிலிருந்து கழற்றி, முனைகளில் உலோகம் படாமல் உறையிட்டு, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், மும்பை மழைக்காலத்தில் வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு முழுதாக ஏற்றுங்கள்.

தாலி கட்டும் நிமிடத்துக்கு ரீடேக் கிடையாது. அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த அழைப்பும் வராது. வெறுமனே சார்ஜ் இறங்கிய பேட்டரியைச் செத்ததென்று குப்பையில் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. நசுங்கினால் அது தீப்பிடிக்கும். கை சுடுவது குப்பை பிரிக்கும் தொழிலாளிக்குத்தான். பயன் முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கே என்கின்றன 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள். நிஜமாகவே செத்ததை அவ்வழியில் சேருங்கள். அதற்கு முன் ஒரு தடவை சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.