வில்பத்து வீதி யாருக்கு?

வீடுபோல் படுக்கையும் அடுப்பும் பொருத்திய பெரிய வண்டியில் புத்தளத்திலிருந்து மன்னார் செல்ல, கண்ணுக்கினிய வழி எது என்று வெளிநாட்டு வாசகர்கள் கேட்கிறார்கள். எழுவான்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை ஊடான வீதியே அவர்கள் விருப்பம். போகாதீர்கள் என்பதே என் பதில்.

அது 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்துக் காட்டை ஊடறுக்கிறது. போருக்குப் பின் வீதி மீளத் திறக்கப்பட்டதை எதிர்த்துச் சூழலியல் அமைப்புகள் 2010இல் உயர் நீதிமன்றம் சென்றன. அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் மக்களில் பலர் தஞ்சம் புகுந்தது புத்தளத்தில்தான். முசலிக் கிராமங்களுக்கு அவர்களது நேர்வழி இதுவே. அநுராதபுரம், மதவாச்சி எனச் சுற்றினால் மன்னாருக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர்.

சொந்த ஊருக்குச் செல்லப் பகலில் மெதுவாக ஓடும் ஒரு பஸ்ஸைக் கேட்பவரையும், யானை பார்க்க வரும் உல்லாசியையும் ஒன்றாக்கி, 'மக்களுக்கு வீதி வேண்டும்' என்று முழங்குவது மோசடி. பஸ்ஸுக்கு அகலமான காப்பெட் வீதி தேவையில்லை. அதைக் கேட்பது உல்லாசமே. வீதி வழுவழுப்பானால் வேகம் கூடும். அடிபடுவது மானும் சிறுத்தையும்.

உங்களுக்குக் கடற்கரைதானே வேண்டும்? பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக்குச் செல்லுங்கள். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணை உறுத்தும்தான். ஆயினும் ஏற்ற இறக்கமற்ற சமநிலம். வழியில் தலவில புனித அன்னாள் தேவாலயம், கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை.

மன்னாரையும் பார்த்தே ஆகவேண்டுமா? மதவாச்சி வழியாகச் சுற்றுங்கள். சுற்றத்தானே வந்திருக்கிறீர்கள்!