இயந்திரத்துக்கு அப்பால் நிலைக்கும் திறமை

ஆசிரியர் அவர்களுக்கு,

இயந்திரப் பெருக்கத்தால் உத்தியோகங்கள் அருகிவிடுமோ என்னும் கவலை பெருநகரங்களின் கணினி நிலையங்களில் மாத்திரம் பிறந்ததன்று. மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழும் எங்கள் ஆத்தூர் வட்டாரம் அதனை வெகுகாலமாகவே அறியும். கத்தியும் கையுமாகப் பெண்கள் வரிசையில் அமர்ந்து தோலுரித்த வேலையைச் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளில் இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. ஆயினும், கிழங்கில் மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ தேறும் என்று மதிப்பிடவும், தொட்டியில் படிந்த மாவின் ஈரம் குருணை திரட்டுவதற்கு ஏற்றதா என்று நிதானிக்கவும், பழுதுற்ற மோட்டாரின் கோளாறு எங்குள்ளதென்று ஆராயவும் வல்லவருக்கு மதிப்புக் குறையவில்லை. ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கரத்தின் ஸ்தானத்தை இயந்திரம் அபகரிக்கலாம். காரணமறிந்து தீர்மானிக்கும் புத்தியின் ஸ்தானத்தை அத்தனை சுலபமாக அபகரிக்க இயலாது.

சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டமையால், கலப்படத்தைக் கண்டறியும் பரிசோதனை, தர நிர்ணயம், ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்து முதலிய துறைகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களின் தேவை மேலும் வளரவே செய்யும். 2022-இல் தொடங்கிய, தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம், சேகோ உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தையும் ஆலை அதிபர்களையும் இணைத்துக்கொண்டு, தொழிற்பயிற்சி மாணவர்கள் அறுவடைப் பருவத்தில் ஆலைகளிலேயே பயில வழிசெய்வதோடு, வேலையிழந்த தொழிலாளருக்கு மாலை வகுப்புகளையும் நடத்துமாயின், அது பெரும் உபகாரமாகும். அதிகாரிகள் ஆவன செய்வார்களாக.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.