பனிக்காட்டுக் குறிப்புகள் - 14: கரடிக்கு எத்தனை வாளி டோனட்?

போன வாரம் எழுதறேன்னு சொன்ன 'வாடகை வீடு புராணம்' அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது. மன்னிச்சுக்கோங்க. இந்த வாரம் குறுக்கே கரடி பூந்துடுச்சு.

நிஜக் கரடிதாங்க.

நான் இங்க மாஸ்டர்ஸ் படிக்கறது விநியோகச் சங்கிலி மேலாண்மை. சரக்கை எப்ப வாங்கறது, எவ்வளவு வாங்கறது, எங்க வைக்கறது, எப்ப தீர்க்கறதுங்கற படிப்பு. பகுதி நேர வேலை, பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு டோனட் கடையில. ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைச் சாத்தும்போது அன்னிக்கு விக்காம நின்ன டோனட் எல்லாம் குப்பைக்குப் போகும். வேலை செய்யறவங்க ஒண்ணுகூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. விட்டா வேணும்னே நிறையப் போட்டு மீத்துவோமாம். முதலாளி சட்டம். ரூம்ல ரெண்டு பேர் மாசக் கடைசியில இலவச உணவு வங்கி வரிசையில நிக்கறவங்க. நான் தினமும் ஒரு கூடை டோனட்டைக் குப்பையில கொட்டிட்டு அவங்க மூஞ்சில முழிக்கணும்.

பிப்ரவரி ஆரம்பத்துல ஒருநாள் முதலாளியோட மாமனார் வந்தார். வயசு எழுபதை ஒட்டி இருக்கும். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, ஒரு கையில காலி வாளி. இருபது லிட்டர் வாளி. "இனிமே மிச்சத்தை இதுல போட்டு வை"ன்னு கியூபெக் பிரெஞ்சுல சொன்னார். என்னோட பிரெஞ்சு இன்னும் நொண்டிதான். ஏதோ பன்னி வளர்க்கறார் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டாவது வாளிக்கு வந்தப்ப கேட்டேன். "கரடிக்கு"ன்னார்.

ஙே!

விஷயம் இதுதான். கியூபெக்ல கருங்கரடி வேட்டை சட்டப்படி நடக்கறது. உரிமம் வாங்கணும், துப்பாக்கிப் பயிற்சிச் சான்றிதழ் வேணும். வசந்தகால சீசன் பெரும்பாலான மண்டலங்கள்ல வழக்கமா மே 15-ல தொடங்கி ஜூன் 30 வரைக்கும். இந்தக் காடு ரொம்ப அடர்த்தி. கரடியைத் தேடி நடந்தா உங்க சத்தம் கேட்டு அது எப்பவோ போயிருக்கும். அதனால இரை வச்சுக் காத்திருக்கறதுதான் இங்க வழக்கம். இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாய், பக்கத்துல ஒரு ஓட்டை, மரத்தோட சேர்த்துச் சங்கிலி. உள்ள டோனட், காஞ்ச ரொட்டி, பாப்கார்ன், சோளப்பாகு, பொரிச்ச எண்ணெய். கொஞ்ச தூரத்துல மரத்து மேல ஒரு பரண். காத்து எந்தப் பக்கம் பார்த்து வீசுதோ, பீப்பாய்க்கு அந்தப் பக்கம் உட்காரணும். கரடிக்குக் கண்ணைவிட மூக்குதான் எல்லாம்.

எண்ணெயை எதுக்கு தரையிலயும் ஊத்தறாங்கன்னு கேட்டேன். கரடி அதை மிதிச்சுட்டுப் போகும். அது போற வழியெல்லாம் வாசனை போகும். அந்த வழியைப் பிடிச்சு அடுத்த கரடி வரும். வாய்வழி விளம்பரம் மாதிரி இது கால்வழி விளம்பரம் :-)

பீப்பாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. உயரம் கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டர். நாலு காலில நிக்கற கரடியோட முதுகு பீப்பாய் மட்டத்துக்கு வந்தா அது நல்லா வளர்ந்த கரடி. அதுதான் அளவுகோல்.

தாத்தாவோட (மனசுக்குள்ள அப்படித்தான் கூப்பிடறேன், வாய்க்கு 'முசியே') பிரச்சனை கேட்டதும் எனக்குள்ள இருந்த மாணவன் முழிச்சுக்கிட்டான். போன வருஷம் ஏப்ரல்ல ஓட்டை ஷெட்ல வாளிகளை அடுக்கி வச்சிருக்கார். வெயில் ஏறினதும் பாதி பூசணம். மீதியை ரக்கூன் தின்னுடுச்சு. சீசன் தொடங்கி ரெண்டாவது வாரமே சரக்கு தீர்ந்து, பீப்பாய் மூணு நாள் காலி. வந்துட்டிருந்த கரடி வேற பக்கம் போயிடுச்சு.

எங்க பாடத்துல இதுக்கு 'செய்தித்தாள்காரன் கணக்கு'ன்னு பேர். பேப்பர் குறைவா வாங்கினா வாடிக்கையாளர் போயிடுவார், அதிகமா வாங்கினா சாயந்திரம் பழைய பேப்பர். ஒரு நாப்கின்ல கணக்குப் போட்டேன்.

ரெண்டு இடம், ஆளுக்கொரு பீப்பாய். மே முதல் தேதியில இருந்து சீசன் வரைக்கும் மூணு நாளைக்கு ஒரு தடவை, தலா ஒரு வாளி: அஞ்சு நடை, பத்து வாளி. சீசன்ல முதல் ரெண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தலா ரெண்டு வாளி: ஏழு நடை, இருபத்தெட்டு வாளி. மொத்தம் 38. கையிருப்புக்கு ஆறு. ஆக 44 வாளி. கடையில மிஞ்சறது ரெண்டு ராத்திரிக்கு ஒரு வாளி. அதாவது பிப்ரவரி பத்துல ஆரம்பிச்சாத்தான் மே பத்துக்குள்ள சேரும்.

எங்க வைக்கறது? மான்ட்ரியல்ல பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசமும் பின்பக்கத் தாழ்வாரமே ஃப்ரீசர். ஏப்ரல்தான் வில்லன். அதனால பாப்கார்ன், ஓட்ஸ், காஞ்ச ரொட்டின்னு கெடாத சரக்கை ஷெட்ல மூடி போட்ட டிரம்ல வைக்கச் சொன்னேன். டோனட் மார்ச் கடைசிக்குள்ள பெட்டி ஃப்ரீசருக்குப் போகணும். அங்க ஏற்கனவே இடம் பிடிச்சுக்கிட்டு பீவர் உடல்கள். தோலுக்காகப் பொறி வைக்கற நண்பர் கொடுத்ததாம். அஞ்சு சென்ட் காசுல படமா இருக்கற பிராணி. இந்த ஊரே அதோட தோல் வியாபாரத்துல வளர்ந்த ஊர்! ஒவ்வொரு வாளி மேலயும் தேதி ஒட்டச் சொன்னேன். முதல்ல வந்தது முதல்ல போகணும். பாதிக்குப் பாதி பாப்கார்ன் கலந்தா டோனட் தேவை குறையும். கரடிக்கும் பொறுக்கித் தின்ன நேரமாகும். தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். நாப்கினை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

இதுல ஒரு முக்கியமான விதி. சாக்லேட் டோனட் கூடாது. சாக்லேட்ல இருக்கற தியோப்ரோமின் நாய்க்கு விஷம்னு தெரியும்ல? கரடிக்கும் அப்படித்தான். 2014-ல பக்கத்து நாட்டுல, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல, இரை வச்ச இடத்துக்குப் பக்கத்துலயே நாலு கரடி செத்துக் கிடந்தது. எல்லாம் சாக்லேட். அதுக்கப்புறம் அந்த மாநிலமே சாக்லேட் இரையைத் தடை பண்ணிடுச்சு. அதனால தினமும் ராத்திரி சாக்லேட் பூசினதையெல்லாம் நான் தனியா பொறுக்கி எடுப்பேன். ரொம்பக் கவனமா.

மார்ச்ல ஒருநாள் ராத்திரி பொறுக்கிட்டிருக்கும்போது சட்டுனு கை நின்னுடுச்சு. நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? இந்தக் கரடி விஷத்துல சாகக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து எடுக்கறேன். எதுக்கு? மே மாசம் குண்டுல சாகறதுக்கு.

அம்மாகிட்ட சொன்னேன். எங்க ஊரு கோத்தகிரின்னு உங்களுக்குத் தெரியும். கரடி எங்களுக்கு அந்நியம் இல்ல. கோயில் கதவைத் தள்ளி உள்ள வந்து விளக்குக்கு வச்ச எண்ணெயைக் குடிச்சிட்டுப் போற கரடி எங்க ஊர்ல செய்தியே இல்ல. ஆனா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் அதைத் தொட முடியாது. முதல் அட்டவணையில இருக்கு. வனத்துறையைக் கூப்பிடலாம், பட்டாசு போடலாம், அவ்வளவுதான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏங்கண்ணு, நம்மூர்ல அது கேக்காம எடுத்துட்டுப் போவுது. அங்க கூப்புட்டுச் சோறு போட்டுட்டுச் சுடறாங்களா?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல என்கிட்ட.

நியாயமா தாத்தா பக்கத்தையும் சொல்லணும். அவர் சுடற கரடியைத் தின்பார். இறைச்சி ஒரு வருஷத்துக்கு ஃப்ரீசர்ல இருக்கும். இரை வச்சாத்தான் கரடி நின்னு நிதானமா சாப்பிடும், ஆணா பெண்ணா, குட்டி இருக்கான்னு பார்த்துட்டுச் சுடலாம், காயம்பட்டு ஓடாதுங்கறார். இதே வாதம்தான் அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல 2004-லயும் 2014-லயும் இரை வைக்கறதைத் தடை பண்ணலாமான்னு மக்கள் வாக்கெடுப்பு வந்தப்ப நடந்தது. ரெண்டு தடவையும் தடை தோத்துப் போச்சு. கொலராடோவுல 1992-லயே தடை ஜெயிச்சுது. மறுபக்கம், விஸ்கான்சின்ல 2017-ல வந்த ஒரு ஆய்வு அங்கத்துக் கரடிகளோட சாப்பாட்டுல நாற்பது சதவீதத்துக்கு மேல வேட்டைக்காரங்க வச்ச இரைதான்னு சொல்லுது. அப்ப அது காட்டுக் கரடியா, நம்ம கடை வாடிக்கையாளரா?

மே ஒன்பதாம் தேதி தாத்தா என்னை லனோதியேர் பக்கம் அவர் குடிசைக்குக் கூட்டிட்டுப் போனார். மரத்தடியில இன்னும் பனித் திட்டு. கொசு ஆரம்பிக்கல. ரெண்டாவது பீப்பாய்ப் பக்கத்துல கட்டியிருந்த கேமரா அட்டையை எடுத்துப் பார்த்தோம். முந்தின நாள் சாயந்திரம், ஒரு கரடி. அதுக்குப் பின்னாடி ரெண்டு குட்டி. ஜனவரியில குகைக்குள்ள பிறந்திருக்கும், பிறக்கும்போது கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒண்ணு பீப்பாய் மேல ஏறி உட்கார்ந்திருக்கு. அது கையில ஒரு டோனட். சர்க்கரைப் பாகு போட்டது. நான் வாளியில போட்டதுதான்.

தாத்தா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம சங்கிலியை அவிழ்த்தார். பீப்பாயை உருட்டி வண்டியில ஏத்தினோம். சிந்தினதைக் கைப்படப் பொறுக்கினோம். "இங்க நான் உட்கார மாட்டேன்"னு மட்டும் சொன்னார். என்னோட 44 வாளிக் கணக்கு அந்த இடத்துலயே பாதியா போச்சு. எனக்கு வருத்தமே இல்ல.

மிஞ்சின வாளிகள் பழசு, மனுஷன் திங்க முடியாது. ஆனா இனிமே வாளி நிறையத் தேவையில்லையே! தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு முதலாளிகிட்ட கேட்டேன்: அன்னன்னைக்கு மிஞ்சறதைத் தெருமுனையில இருக்கற பொது ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமான்னு. கரடிக்குக் கொடுக்கலாம், மாணவனுக்குக் கூடாதான்னு கேட்கல. கேட்டிருக்கலாம். மாமனார் கேட்டார். இப்போதைக்கு செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் அனுமதி. ரூம்ல ரெண்டு பேருக்கும் எது எந்தக் கடை டோனட்னு சொல்லல :-)

சீசன் திறந்து பத்து நாளாச்சு. தாத்தா முதல் இடத்துல பரண்ல உட்கார்ந்திருக்கார். இன்னும் சுடல. சுட்டா இறைச்சி தரேன்னு சொல்லியிருக்கார். வாங்குவேனா? தெரியல.

போன ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட பேசினப்ப ஒண்ணு உறைச்சுது. எங்க டீக்கடை வாசல்ல ராத்திரி பன் தட்டும் எண்ணெய் டின்னும் வெளியிலயே இருக்கும். பின்னாடி ஹோட்டல் எச்சில் இலைக் குவியல். கரடி வருதுன்னு புலம்பறோம். ஆனா வருஷம் முழுக்க, சீசனே இல்லாம, நாங்களும் இரைதான் வச்சிட்டிருக்கோம். உரிமம் இல்ல, தேதி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். என்னைக்காவது ஒருநாள் பயந்துபோன கரடி யாரையாவது அடிச்சிட்டா அதோட விதி முடிஞ்சுது.

"அந்த டின்னை மட்டும் ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்கப்பா"ன்னு சொன்னேன். "கனடா போயி படிச்சது இதானா?"ன்னு சிரிச்சார்.

நேத்து அம்மா சொன்னாங்க, டின் இப்ப சமையக்கட்டுல இருக்காம்.

அடுத்த வாரம் வாடகை வீடு. சத்தியமா. வர்ட்டா!