இரண்டு எஞ்சின் இருந்தா பயமே இல்லையாமே!

"ஒரு எஞ்சின் நின்னா என்ன, இன்னொண்ணு இருக்கே!" சின்ன விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்த வசனத்தை எடுத்து விடுவார். விமானம் நல்ல உயரத்தில் பறக்கும்போது இது பெரும்பாலும் சரிதான். ஆனால் நாலைந்து பேர் போகும் பிஸ்டன் எஞ்சின் விமானம் ஓடுபாதையை விட்டு அப்போதுதான் எழும்புகிறது என்றால், இந்த வசனத்தை நம்புவது ஆளையே கொன்றுவிடும்.

எப்படி என்று கணக்காகவே பார்ப்போம். ஒரு கடைக்கு வருமானம் 100 ரூபாய், செலவு 45, லாபம் 55. வருமானம் பாதியானால் லாபமும் பாதியாகுமா? ஆகாது. 50-இல் 45 போனால் மிச்சம் 5 ரூபாய்தான்! விமானமும் இதே கதைதான். கீழே இறங்காமல் பறக்கவே ஓரளவு சக்தி செலவாகிவிடும். அதற்கு மேல் மிஞ்சுகிற சக்தியில்தான் மேலே ஏற முடியும். பாதி சக்தி போனால் ஏறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும் என்று அமெரிக்க விமானத்துறையின் (எஃப்.ஏ.ஏ.) கையேடே சொல்கிறது. இது போதாதென்று, நின்றுபோன எஞ்சினின் புரொப்பல்லர் காற்றில் சும்மா சுற்றி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதாவது செலவும் கூடுகிறது. கடை நஷ்டத்தில் ஓடும், விமானம் கீழே இறங்கும்.

சட்டமாவது காப்பாற்றியதா? 2017-இல் மாற்றி எழுதப்படும் வரை இருந்த அமெரிக்க விதிப்படி, 6,000 பவுண்டுக்கு மிகாத, ஸ்டால் வேகம் 61 நாட்டுக்கு மிகாத இரட்டை எஞ்சின் விமானம் ஒரே எஞ்சினில் மேலே ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளந்து சொன்னால் போதும்! வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடுகிற எஞ்சின் ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதால் விமானம் செத்த எஞ்சின் பக்கமாகத் திரும்பும். அதை ரடரை மிதித்துத்தான் சமாளிக்க வேண்டும். வேகமானியில் உள்ள சிவப்புக் கோட்டுக்குக் கீழே வேகம் போய்விட்டால் ரடர் போதாது. விமானம் அப்படியே புரண்டு விழலாம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி, எதிரே இருக்கும் வெற்றிடத்தில் இறக்கியாக வேண்டும், அவ்வளவுதான்.

2019 ஜூன் 30, டெக்சாஸில் உள்ள அடிசன். ஒரே எஞ்சினிலும் ஏறக்கூடிய கிங் ஏர் 350 விமானம் அது. எழும்பியவுடன் இடது எஞ்சினில் சக்தி குறைந்தது. மிதிக்க வேண்டியது வலது ரடர், விமானி முதலில் மிதித்தது இடது. பத்துப் பேரும் பலி. 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ்ஏஷியாவின் ஏடிஆர் 72, பெரிய விமானம்தான். வலது எஞ்சின் சக்தி இழக்க, விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை அணைத்தார். 43 பேர் பலி.

உடனே "விமானியின் தவறு" என்று கோப்பை மூடிவிடுவார்கள். தவறுதான், யார் இல்லை என்றது? ஆனால் சில விநாடிகளில், திடுக்கிட்ட நிலையில், கையும் காலும் சரியாக வேலை செய்ய வேண்டுமானால் அது பழக்கத்தில் ஊறியிருக்க வேண்டும். இரண்டாவது எஞ்சின் இன்சூரன்ஸ் பாலிசி என்றால் அதற்குப் பிரீமியம் பயிற்சிதான். லைசென்ஸ் வாங்கிய அன்று ஒருமுறை கட்டிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று நினைப்பது என்ன நியாயம்?

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் விமானி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இந்த எடையில், இந்த வெயிலில் ஒரே எஞ்சினில் ஏறுமா? ஏறாதென்றால், எஞ்சின் நின்றவுடன் இரண்டு எஞ்சினின் சக்தியையும் குறைத்து நேர் எதிரே இறக்குவேன்." விமானம் நொறுங்கினாலும், கட்டுப்பாட்டில் தரையைத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வாய்ப்புண்டு. தலைகீழாகப் புரண்டு விழுந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. "இன்னொண்ணு இருக்கே" என்று சொல்பவர்கள் அடுத்த முறை இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.