கல்யாணச் சோறு எந்த வயல் நெல்?

கடந்த தை மாதம் மாமாவின் பேத்தி கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பத்மநாபபுரம் போய்வந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர். வேலைக்காக ஈரோடு வந்தவன், கோபிசெட்டிபாளையம் பக்கம் பெண் கட்டி, 12 வருடமாக அங்கேயே மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறேன். ஊருக்குப் போவது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் என்று ஆகிப்போச்சு. ஆனால் இந்தத் தடவை போய்வந்ததிலிருந்து ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நம் உழவர்கள் முன்னால் வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரோட்டில் இரவு ரயில் ஏறி விடியலில் நாகர்கோவில். அங்கிருந்து தக்கலை பஸ். பார்வதிபுரம் தாண்டினால் வேளிமலை கூடவே வரும். என் சின்ன வயதில் ரோட்டோரம் வயலும் குளமுமாகக் கிடந்த இடங்களில் இப்போது பச்சை துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. நான்குவழிச் சாலைக்கு மண் அடித்த இடங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் நாமே செய்தது: முதலில் நெல் வயலில் வாழை வைப்பார்கள். அப்புறம் வாழைக்கு நடுவில் தென்னம்பிள்ளை. பிறகு அது "விளை" ஆகிவிடும். கடைசியில் கல் நட்ட மனை. நஞ்சை ஒரே நாளில் சாகிறதில்லை, இப்படிப் படிப்படியாகத்தான் சாகிறது.

"அப்பா, உங்க வயல் எது?" என்று மகள் கேட்டாள். கைகாட்ட ஒன்றும் இல்லை. புத்தனாற்றுத் தண்ணீர் பாய்ந்த 30 சென்ட் வயலை 1994இல் அக்கா கல்யாணத்துக்காக அப்பா விற்றார். இப்போது அங்கே வீடுகள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அக்கா கல்யாணத்தில் விளம்பிய சோறு, அந்த வயலில் கடைசியாக அறுத்த நெல். அம்மாவும் அத்தைமாரும் முற்றத்தில் அண்டா வைத்து அவித்து, காயவைத்து, மில்லுக்கு அனுப்பிய நெல்.

காய்கறி வெட்டு

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி காய்கறி வெட்டு உண்டு. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அரிவாள்மணையும் கத்தியுமாக உட்கார்ந்துவிடுவார்கள். அவியலுக்குச் சேனை, வழுதலங்காய், முருங்கைக்காய், ஏத்தங்காய், புடலங்காய். ஓலனுக்குத் தடியங்காய். இன்னொரு மூலையில் தேங்காய் துருவுவார்கள். பாதிக் காய் சொந்த விளையிலும் அக்கம்பக்கத்து விளையிலும் பறித்ததாக இருக்கும். பணமாகத் தர முடியாதவர்கள் ஒரு குலை வாழைக்காயைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள்.

இந்தத் தடவை நானும் மனைவியும் ஆசையோடு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனோம். காய் எல்லாம் வேனில் வந்து இறங்கிவிட்டது. வெட்டுவதற்குச் சமையல்காரரின் ஆட்கள் இருந்தார்கள். சமையல்காரர் நல்ல மனிதர், பழைய கைப்பக்குவம் உள்ளவர். அரிசி எங்கே வாங்கினது என்று கேட்டேன். சாக்கைக் காட்டினார். ஆந்திரா அரிசி. இலை ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஏத்தங்காயும் வெளியிலிருந்து வந்ததுதான். "தேங்காயாவது நம்ம ஊருதானே அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார். "லோடு எங்கேருந்து வருதோ, யாரு கண்டா?"

ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023இல் மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைத்தது. குறியீடு வாங்கிய மாவட்டத்தில், கல்யாணப் பந்தியில் ஒரு மட்டிப் பழம் இல்லை.

ஊட்டுப்புரை

அதற்கு முன், மதியம் பிள்ளைகளை அரண்மனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இந்த ஊர்தான். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதற்குள் ஊட்டுப்புரை என்று ஒரு நீளமான மாடிக் கட்டடம். கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்வார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பரணிகளைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான்: "இத்தனை பேருக்கு அரிசி எங்கேருந்துப்பா வந்துச்சு?"

சுற்றியிருந்த வயலிலிருந்துதான். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அந்த நெல்லை விளைவித்தவர்களில் எத்தனை பேருக்கு ஊட்டுப்புரையில் இலை போட்டார்கள் என்பது வேறு கதை. அந்தக் காலத்தைத் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. ஆனால் லாரியும் குளிர்பதனக் கிடங்கும் இல்லாத நாளில் இரண்டாயிரம் இலைக்குச் சோறு போட்ட மண் இது. இன்றைக்கு ஆயிரம் இலைக்கு ஆந்திராவைப் பார்க்கிறது. மண்ணும் தண்ணியும் எங்கேயும் போய்விடவில்லை. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடித்தது, இன்றும் நிற்கிறது. கால்வாயில் தண்ணி வருகிறது. கேட்பவர்தான் இல்லை.

மாமாவின் 40 சென்ட்

கல்யாணம் நன்றாக நடந்தது. பருப்பு, நெய், பப்படம், அவியல், எரிசேரி, ஓலன், இஞ்சி, நாரங்காய், புளிசேரி, அடைப்பிரதமன் என்று இலை நிறைந்தது. சாயங்காலம் மாமா என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருக்கிற கடைசி நெல் வயல் அது. 40 சென்ட். கும்பப்பூ நெல் பால் பிடித்து நின்றது. வரப்பில் நின்றுகொண்டே சொன்னார்:

"மக்கா, இதுதான் கடைசிப் பூன்னு நெனச்சுக்க. பய வளைகுடாவுலேருந்து தினமும் போன் போடுதான். மண்ணடிச்சு மனையாக்கணுமாம். ஆளும் கிட்டல்ல, அறுக்க மிஷினும் சமயத்துக்கு வரல்ல. எனக்கும் எழுபத்தாறு ஆச்சு. நான் யாருக்காக வெளைய வைக்கணும்?"

நான் பதில் பேசவில்லை. யாருக்காக என்ற கேள்வி நியாயமானது. அன்றைக்கு மத்தியானம் அவர் பேத்தி கல்யாணத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். அதில் அவர் வயலின் ஒரு மணி நெல்லும் இல்லை. அவர் நெல்லை வியாபாரிக்குப் போட்டார். அந்தக் காசோடு சேர்த்து அரிசிக்கு வேறு இடத்தில் காசு கொடுத்தார்.

ரயிலில் திரும்பி வரும்போது போட்ட கணக்கு இது. சரி பாருங்கள்.

ஒரு கிலோ அரிசியில் எட்டு பேர் சாப்பிடலாம். ஆயிரம் பேருக்கு 125 கிலோ அரிசி. அதற்கு நெல் 200 கிலோ. பாரம்பரிய ரகம், இயற்கை முறை, ஏக்கருக்கு 1,200 கிலோ என்று குறைத்தே வைப்போம். அப்படியானால் ஒரு கல்யாணச் சோற்றுக்கு வேண்டியது சுமார் 17 சென்ட் வயல். மாமாவின் 40 சென்ட் ஒரு பூவில் 480 கிலோ நெல், அதாவது 300 கிலோ அரிசி தரும். இரண்டு கல்யாணம் போக வீட்டுக்கும் மிஞ்சும்.

இப்போது உரம் போட்டு அதே வயலில் 800 கிலோ எடுக்கிறார். கிலோ 25 ரூபாய் என்றால் 20,000. இதில் உரமும் மருந்தும் கழியவேண்டும். 300 கிலோ அரிசியை, நான் கோபியில் விற்கிற 90 ரூபாய்க்குக் கொடுத்தால் 27,000. அவிப்புக்கூலியும் அரவைக்கூலியும் கழித்தாலும் குறையவில்லை.

கல்யாண வீட்டுக்கு என்ன கூடும்? சமையல்காரர் வாங்கிய அரிசி 58 ரூபாய். வித்தியாசம் 32. 125 கிலோவுக்கு நாலாயிரம் ரூபாய். அந்த மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பிளக்ஸ் தட்டிகளுக்கே அதற்கு மேல் ஆகியிருக்கும்.

நாமே கேட்காவிட்டால்

இயற்கை விளைபொருளுக்குச் சந்தை இல்லை என்று நாம் எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். அரசு கொள்முதல் செய்யவேண்டும் என்று கேட்கிறோம். கேட்கவேண்டியதுதான். ஆனால் சின்ன உழவனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஒற்றை ஆர்டர் நம் சொந்தத்துக் கல்யாணம். அதை நாமே வேறு எங்கோ கொடுத்துவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2019இல் என் மைத்துனன் கல்யாணத்துக்கு முன்னால் நின்று அரிசி வாங்கியவன் நான்தான். கடையில் வாங்கினேன். என் வீட்டுக் குதிரில் என் நெல் கிடந்தது.

தாம்பூலப் பையில் விதைப் பொட்டலமும் மரக்கன்றும் கொடுக்கிற வழக்கம் வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பொட்டலங்கள் பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்குகின்றன. விதையைக் காக்க வேண்டுமென்றால் அது விளைகிற வயலைக் காக்கவேண்டும், அந்த அரிசியைச் சாப்பிட ஆள் வேண்டும். நெல் ஜெயராமன் அண்ணன் இரண்டு கிலோ விதை கொடுத்து நாலு கிலோவாகத் திருப்பிக் கேட்டார் என்றால், இடையில் ஒருவர் அதை விளைவித்தாக வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அரிசி தேடினால் நடக்காது. ஒரு பூவுக்கு முன்னாலேயே சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கணக்கில், கன்னிப்பூ நெல் தை மாதக் கல்யாணத்துக்கு, கும்பப்பூ நெல் ஆவணிக் கல்யாணத்துக்கு. இடையில் சில மாதம் கிடந்த அரிசிதான் சோறு உதிரியாக வரும். சமையல்காரருக்குப் புது ரகம் என்றால் பயம் இருக்கும். எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் ஆயிரம் பேர் சோற்றில் அவர் துணியமாட்டார். ஒரு மாதம் முன்னாடியே ஐந்து கிலோ கொடுத்து வடித்துப் பார்க்கச் சொல்லவேண்டும். முன்பணம் கொடுக்கவேண்டும். வாய்ச்சொல்லை நம்பி யாரும் வயலில் இறங்கமாட்டார்கள். எல்லாக் காயையும் இயற்கையில் தேடி அலையவும் வேண்டாம். முதலில் அரிசி, தேங்காய், இலை, பழம். இந்த நாலும் போதும்.

ஊர் வந்ததும் மாமாவுக்குப் போன் செய்தேன். அடுத்த தையில் என் தம்பி மகள் கல்யாணம். அதற்கு 125 கிலோ அரிசி அவர் வயலிலிருந்து வேண்டும், உரம் போடாமல் வேண்டும் என்றேன். "உரம் போடாம வெளையுமாலே?" என்று கேட்டார். விளைந்தது எவ்வளவோ அவ்வளவு, குறைந்தால் நஷ்டம் என்னுடையது என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கட்டிச்சம்பா கிட்டுமா?" என்றார். அவர் இளவட்டத்தில் போட்ட நெல். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.பி.எஸ். 1 ரகத்துக்கு ஐ.ஆர். 8 ஒரு பெற்றோர் என்றால் கட்டிச்சம்பா இன்னொன்று. ஆனால் மாமா கேட்பது அதன் பிள்ளையை இல்லை, தாயை.

வயல் தப்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். மச்சான் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறான். ஒரு கல்யாணத்தால் ஒரு பூ தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு கல்யாண வீடு கேட்டால் இன்னொரு பூ தள்ளும்.

உங்கள் வீட்டில் அடுத்த வருடம் கல்யாணம் இருந்தால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிற அதே வாரத்தில் ஒரு உழவருக்கும் முன்பணம் கொடுங்கள். குமரி மாவட்டத்தில் யாரிடமாவது கட்டிச்சம்பா விதைநெல் இருந்தால் இந்த இதழுக்குத் தெரிவியுங்கள். வைகாசிக்குள் வேண்டும். மாமா காத்திருக்கிறார்.