வினாவும் விசாரணையும்

ஆங்கில இலக்கண வகுப்பில் ‘இன்டராகேட்டிவ்’ என்னும் சொல்லை நம் மாணவர் கற்கின்றனர். வினா வாக்கியம் என்பதே ஆண்டு அதன் பொருள். அச்சொல்லோடு ஒரே வேரிற் பிறந்த ‘இன்டராகேட்’ நாளிதழில் வருங்கால், காவல் நிலையமும் தலைகுனிந்து நிற்கும் ஒருவரும் நம் கண்முன் தோன்றுவர். ‘ஆஸ்க்’, ‘என்கொயர்’, ‘குவெஸ்ச்சன்’, ‘இன்டராகேட்’ ஆகிய நான்கையும் ஒருபொருட் பன்மொழி என மனப்பாடம் செய்வோர், எதிர்ச்சொல் ‘ஆன்சர்’ என எழுதி மதிப்பெண் பெறுவர். ஆயினும் இவை ஒன்றன் இடத்தில் ஒன்று நில்லா. முதற்சொல் எவரும் எவரையும் கேட்பது. இறுதிச்சொல் மறுக்க இயலாதவரை வலிந்து கேட்பது. கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பதே சொல்லைத் தெரிவு செய்கிறது.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. வினவுதல் அறிய விரும்பிக் கேட்பது. உசாவுதல் ஒருவரோடு கலந்து ஆராய்வது. உசாத்துணை நூல் என்னும் வழக்கு அதனைக் காட்டும். கடாவுதல் தடை எழுப்பிக் கேட்பது. உரையாசிரியர்கள் கடாவும் விடையுமாகப் பொருளை நிறுவியமை நாம் அறிந்ததே. விசாரித்தல் என்பதோ அன்பிற்கும் அச்சத்திற்கும் பொதுவாகி நிற்கிறது. நலம் விசாரிக்கிறோம், துக்கம் விசாரிக்கிறோம், ‘வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என விடைபெறுகிறோம். அதே சொல் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வழங்குகிறது. ‘என்கொயரி’ என்று ஓர் ஓலை வந்துவிட்டால் குற்றமற்றவரும் நடுங்குவர்.

கேள்வி என்னும் சொல்லின் வரலாறு இன்னும் வியப்புடையது. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து நிற்பது கேள்வி. அது செவிவழிப் பெறும் அறிவு. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழர்தம் கல்வெட்டுகளில் ‘திருவாய்க்கேள்வி’ என்னும் தொடர் வரும். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டுக்கொள்ளும் அலுவல் அது. இன்றும் ‘கேள்விப்பட்டேன்’ என்னும்பொழுது நாம் செவியுற்றதையே குறிக்கிறோம். செவிசாய்த்தலும் வினாவுதலும் தமிழில் ஒரே வினைச்சொல். செவிமடுத்தவனே வினவத் தகுதியுடையவன். வினவுவோனுக்குச் செவிமடுக்கும் கடமையும் உண்டு என்று அச்சொல்லே நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இலக்கணிகள் வினாவைச் சிறிதாக எண்ணினாரல்லர். தொல்காப்பியம் வினாவையும் அதற்குரிய விடையாகிய செப்பையும் வழுவின்றிக் காக்கச் சொல்கிறது. வினாவே விடையாதலும் உண்டு என்கிறது. நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என 6 வகையாகவும், விடையை 8 வகையாகவும் பகுக்கிறது. அச்சுறுத்தும் வினா என ஒன்றைப் பவணந்தியார் வகுத்திலர். ஆசிரியர் மாணவரைச் சோதிப்பது அறிவினா. மாணவர் அறியாததை ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. இன்று நம் வகுப்பறைகளில் முன்னது ஓங்கி ஒலிக்கிறது. பின்னது அரிதாகவே எழுகிறது.

வினாவுதல் ஆசிரியரை அவமதிப்பதாகும் என்று கருதுவாரும் உளர். ‘என்னையே கேள்வி கேட்கிறாயா?’ என்னும் வழக்கு அக்கருத்தின் எதிரொலி. ஆனால் வினாதலையும், வினாயவற்றிற்கு விடை கூறுதலையும் கற்போர் கடமைகளுள் வைத்தவர் நன்னூலாரே. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரால் ஒரு கால் பங்கும், பிறர்க்கு உரைப்பதால் அரைப் பங்கும் நிறையும் என்பது அவர் கணக்கு. வாய் திறவாத மாணவருக்கு எஞ்சிய முக்கால் பங்கு எங்ஙனம் கிட்டும்?

இதற்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு. உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் பயின்றவர்; பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்டவர். பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டு அரியலூரிலிருந்து அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அக்டோபர் 21ஆம் நாள் இருவரும் சந்தித்தனர். என்னென்ன நூல்கள் கற்றீர் என வினவினார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, புராணம் எனப் பட்டியல் நீண்டது. அவற்றால் என்ன பயன் என்றார் அவர். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றும் கேட்டார்.

நாள்தோறும் நீதிமன்றத்தில் விசாரணை நடத்தியவர்தாம் அவர். எனினும் அன்று அவர் கேட்டது விசாரணையன்று, வினா. ஐயர் சினந்து எழுந்து போகவில்லை. சிந்தாமணியைப் பாடஞ்சொல்லத் தொடங்கினார். விளங்காத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். சைவ நூல்களில் தோய்ந்த புலவர் ஒருவர் பிற சமயத்தார் வாயிலில் மாணவராய் நின்றார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஒரு வினாவின் விளைவு இத்துணைப் பெரிது.

இசுலாமியத் தமிழ் இலக்கியமும் வினாவைப் போற்றியதே. ‘மசலா’ என்னும் இலக்கிய வகையின் பெயர், வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்று வந்தது. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா, வினாவும் விடையுமாகவே அமைந்த நூல். கேட்டுத் தெளிதல் நம்பிக்கைக்குப் பகையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வருவோருள், தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வி பெறுவோர் பலர். வினவினால் நகைப்பரோ என்னும் அச்சம் அவர்தம் நாவைக் கட்டுகிறது. அதனை அவிழ்ப்பது ஆசிரியர் கடமை. பருவத்திற்கு ஒருமுறையேனும் மாணவரே வினாத்தாள் அமைக்கட்டும். நல்ல வினாவிற்கும் மதிப்பெண் வழங்குவோம். ஆங்கிலச் சொற்களின் ஒருபொருட் பன்மொழியைக் கற்பிக்கும்பொழுது, எவர் எவரிடம் எந்நிலையில் கூறுவது என்னும் வழக்கையும் உடன் கற்பிப்போம்.

எதிர்ச்சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். வினாவிற்கு எதிர்ச்சொல் விடை என்பது அகராதிக் கணக்கு. ஆதரவற்றுக் கிடப்பதனை நம் ஊரார் ‘கேட்பாரற்றுக் கிடக்கிறது’ என்பர். கேள்விக்கு உண்மையான எதிர்நிலை அதுவே. எத்தனையோ ஏடுகள் கேட்பாரற்றே செல்லுக்கு இரையாயின. நம் மாணவரின் அறிவும் அங்ஙனம் ஆகாதிருக்க, அவர்கள் வினவட்டும், நாம் செவிமடுப்போம்.